கழற்றிய டயர்

எங்கள் ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் சற்று நேரத்தில் புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் போனால் மறுபடியும் புதுச்சேரி. கரையாம்புத்தூரில் இருப்பவர்கள் எல்லையை விலையை வைத்தே அடையாளம் கண்டு பழகியவர்கள். பெட்ரோல் இந்தப் பக்கம் மலிவு, வேறு சில சமாச்சாரங்களும் அப்படியே. ஆகவே காருக்கு நான்கு டயர் மாற்ற வேண்டும் என்றதும், அதே பழக்கத்தில் வில்லியனூர், கடலூர், விழுப்புரம் என்று கடை கடையாக விசாரிக்கக் கிளம்பிவிடுகிறோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து டயருக்கு இரு பக்கமும் ஒரே வரிதான்; 28 சதவீதம் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக இறங்கியதும் இரு பக்கமும் ஒரே நாளில்தான். கடைக்குக் கடை வித்தியாசப்படுகிற சில நூறு ரூபாயில் பாதியை, தேடி அலைந்த வண்டியே குடித்துவிடும். ஆனாலும் விசாரிக்காமல் வாங்கினால் ஏமாந்துவிட்டோம் என்ற எண்ணம் ஒரு வாரம் தூங்கவிடாது.

இத்தனைக்கும் பக்கத்துக் கொம்யூனான நெட்டப்பாக்கத்தின் ஏரிப்பாக்கத்தில் எம்.ஆர்.எஃப். தொழிற்சாலை இருக்கிறது. 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. அங்கிருந்து லாரி ஏறிப் போகும் டயர், எந்தெந்தக் கிடங்கிலோ இருந்துவிட்டு, ஏதோ ஒரு நகரத்துக் கடைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் நம் கைக்குக் கிடைக்கும். பாகூர் வட்டாரத்தில் நெல்லை விளைவித்து விற்றுவிட்டு அரிசி மூட்டையைக் கடையில் வாங்குகிறவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

விலை விசாரிப்பதில் நம்மைவிடத் தேர்ந்தவர்களும் இருந்திருக்கிறார்கள் போலும். 2011–12 காலத்தில் மாற்று டயர்களின் விலையைக் கலந்து பேசி நிர்ணயித்ததாக, ஐந்து டயர் நிறுவனங்களுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 1,788 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்த செய்தி 2022 பிப்ரவரியில் வெளியானது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்கு ஆணையத்திடமே திருப்பி அனுப்பிவிட்டது. குற்றம் நடந்ததா இல்லையா என்பது ஒருபுறம் இருக்கட்டும். மூன்று கடை ஏறி இறங்கி, மூன்றிலும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கேட்டு, கடைசிக் கடையில் நூற்றைம்பது குறைத்துவிட்ட பெருமையோடு வீடு திரும்பிய நமக்கு அந்தச் செய்தியைப் படிக்கச் சற்றுக் கூச்சமாக இருந்தது.

விலையைத் தவிர வேறு எதையும் நாம் கேட்பதில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்தது. மருந்து அட்டையைத் திருப்பித் திருப்பித் தேதி பார்க்கிற கண் இங்கே குனிவதில்லை. பட்டனுக்கு நடுவே பள்ளத்தில் சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம், கார் டயருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை அது. அந்தப் பள்ளங்கள் இருப்பது தண்ணீரை ஒதுக்கித் தள்ளுவதற்கு. ஒதுக்க முடியாதபோது சக்கரம் சாலையை விட்டு நீர் மேல் வழுக்கும், பிரேக் மிதித்தும் பயனில்லை. வடகிழக்குப் பருவமழையில் தென்பெண்ணைக் கரைச் சாலைகள் எப்படி இருக்கும் என்பது ஃபெஞ்சல் புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மழைக்குச் சற்று முன்னால்தான் ஆயுத பூஜை வருகிறது. ஆண்டில் ஒரே ஒரு நாள் வண்டியைச் சுற்றிவந்து ஒவ்வொரு சக்கரத்தையும் தொடுகிறோம். மொட்டை டயருக்கும் சந்தனம் நன்றாகவே ஒட்டுகிறது.

பராமரிப்பு நமக்குக் கசப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டுமே என்று தோன்றவில்லை. செலவு செய்ததற்கு அடையாளமாக ஒன்றும் கிடைப்பதில்லை. அலைன்மென்ட் பார்த்த வண்டி முன்பு போலவே இருக்கும். நடக்காமல் போன விபத்தை யாரிடமும் காட்ட முடியாது. ‘அலைன்மென்ட் பார்த்துடலாமா சார்?’ என்று கேட்கும் மெக்கானிக்கை, இல்லாத நோய்க்கு டெஸ்ட் எழுதும் டாக்டரைப் பார்ப்பது போலப் பார்க்கிறோம். சில சமயம் அந்தச் சந்தேகம் சரியாகவும் இருந்துவிடுகிறது என்பதுதான் சங்கடம்.

எல்லாம் முடிந்து பில் போடும் நேரத்தில் கடைக்காரர் சாதாரணமாகக் கேட்பார்: ‘பழசை எடுத்துட்டுப் போறீங்களா, இங்கயே போட்டுட்டுப் போறீங்களா?’ போட்டுவிட்டால் டயருக்கு இவ்வளவு என்று கழித்துக்கொள்வார். அவர் சொன்ன தொகை போதவில்லை. முந்தின இரவு வீட்டில், ‘இந்த டயரை வெச்சுக்கிட்டு இனிமே பிள்ளைங்கள ஏத்தக் கூடாது’ என்று சொன்ன அதே வாயால், ‘என்னங்க, இன்னும் ஆறு மாசம் ஓடுமே’ என்று வாதாடுகிறோம். வாதம் பலித்து, டயருக்கு ஐம்பது ரூபாய் ஏறுகிறது. கழற்றிய டயர்களில் சில மாட்டு வண்டிக்குப் போகும், சில போகியன்று எரியும். கொஞ்சம் பட்டன் மிச்சமிருப்பவை மட்டும் கடையின் மறுபக்கச் சுவரில் சாய்ந்திருக்கும்.

பணத்தை எண்ணிக்கொண்டு திரும்பும்போது, பையன் நம் டயரை ஈரத்துணியால் துடைத்துக் கறுப்பு பாலிஷ் பூசிக்கொண்டிருக்கிறான். பழைய வண்டி ஒன்றை நிறுத்திவிட்டு வந்தவர் குனிந்து பார்த்து, எவ்வளவு நாள் வரும் என்று கேட்கிறார்.

‘ஒரு வருஷம் தாராளமா ஓடும்’ என்கிறார் கடைக்காரர்.