காண்பதும் காப்பதும்



மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ராயகிரியில் அமர்ந்தவாறே, நியூசிலாந்தின் தையரோவா முனையில் அடைகாக்கும் ஆல்பட்ராஸ் கடற்பறவையை இன்று நேரலையில் காணலாம். 2016ஆம் ஆண்டு முதல் அங்கு ஒளிப்படக் கருவி இயங்கி வருகின்றது. தாயும் தந்தையும் முறைவைத்து ஏறத்தாழ 80 நாட்கள் ஒரே முட்டையை அடைகாக்கின்றன. பின்னர்க் குஞ்சு பறந்து செல்ல எட்டுத் திங்கள் ஆகின்றது.

காணும் நெஞ்சம் உருகுகின்றது. அவ்வுருக்கம் அறமாகுமா?

இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்தை மாசுபடுத்தும் அதிசாரங்கள் ஐந்து: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் முதலாவது கட்டுதல். கூண்டுக் கிளியிடம் நாம் காட்டும் அன்பும் இக்குற்றத்தினின்று தப்பாது. தொலைவிலிருந்து காண்பவருக்கோ அக்குற்றம் இல்லை.

ஆயினும், ஒரு கூட்டில் ஆந்தை புகுந்து குஞ்சைக் கவர்ந்தால், காண்பவர் ஆந்தையை வெறுக்கின்றனர். அறிதலும் காண்டலுமே ஆன்மாவின் இயல்பு. விருப்பும் வெறுப்பும் வினையைக் கட்டுவன. பறவையைக் கட்டாதவர் தம்மையே கட்டிக்கொள்கின்றனரே!

அங்ஙனமாயின் வாளாவிருத்தல் அறமோ? அன்று. நெல்லை மாவட்டக் கூந்தன்குளத்து மக்கள், கூடு கட்ட வரும் பறவைகளுக்காகத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. 1994இல் அவ்வூர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

கண் மட்டுமே எட்டுமிடத்துச் சமநோக்குக் கொள்வோம். கை எட்டுமிடத்துக் காப்போம். நம் வீட்டு இறவாணத்துச் சிட்டுக்குருவியின் கூட்டைக் கலைத்துவிட்டு, கடல் கடந்த கூட்டைக் கண்டு கண்ணீர் உகுப்பதனால் பயன் யாது?

வாழ்க கொல்லாமை! வளர்க திருவறம்!