சத்தம் நின்றால் சரியாகிவிட்டதா?

இரட்டைக்கிளவி என்று ஒன்றைப் பள்ளியில் படித்திருப்போம். கடகட, சலசல, லொடலொட. எப்போதும் ஜோடியாகத்தான் வரும், பிரித்தால் பொருள் தராது. ரெண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்து மறந்துபோன இந்த விதி, பழைய கார் ஓட்டுகிறவனிடம் வேறு மாதிரி திரும்பி வருகிறது. இன்ஜினிலிருந்து ஒரே ஒரு தடவை ‘டக்’ என்று கேட்டால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ரோட்டில் கிடந்த கல் அடித்திருக்கலாம். ‘டக்டக்’ என்று திரும்பத் திரும்ப வந்தால்தான் அது ஏதோ சொல்கிறது. எதோடு சேர்ந்து வருகிறது, எவ்வளவு வேகத்தில் வருகிறது, எப்போது நிற்கிறது என்ற கேள்விகளுக்கு அங்கேதான் ஆரம்பம்.

என்னிடம் இருப்பது 1980களின் அம்பாசடர், மார்க் 4. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை தயாரான வண்டி. பானட்டுக்குள் 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். கம்ப்யூட்டர் கிடையாது, பிழையை எண் போட்டுச் சொல்லும் சென்சார் கிடையாது. பகலெல்லாம் சர்வர் லாக் படித்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இதில் ஒரு வசீகரம் உண்டு. இந்த இன்ஜின் எழுதும் லாக் அதன் சத்தம் மட்டும்தான்.

அதைப் படிக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றும். வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடுகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 400 தடவைதான் திறந்து மூடும். ஆக, இன்ஜின் வேகத்தில் பாதியாக, மேலே எங்கோ லேசாகத் தட்டுகிற சத்தம் என்றால் வால்வு பக்கம் பார்க்கலாம். அடியிலிருந்து கனமாக, கிராங்கின் ஒவ்வொரு சுற்றுக்கும் வருகிறது என்றால் விஷயம் பெரிது.

அடுத்த கேள்வி, சூடு. காலையில் முதல் தடவை எடுக்கும்போது தட்டி, சூடானதும் அடங்கினால் பிஸ்டன் தேய்ந்து சிலிண்டரில் ஆடுகிறது என்று ஊகிக்கலாம். சூட்டில் பிஸ்டன் விரிந்து இடைவெளியை அடைத்துவிடுகிறது. எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் ஏறக்குறைய இதே கதைதான் நடக்கும், அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. மாறாக, சூடாக ஆக சத்தம் அதிகமானால் கனெக்டிங் ராடு பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஆயில் சூட்டில் இளகி, தேய்ந்த பேரிங்கைத் தாங்க முடியாமல் போகிறது. அப்போது மெக்கானிக் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்ப்பார். எந்தச் சிலிண்டரில் பொறி நின்றதும் தட்டல் அமுங்குகிறதோ, அங்கேதான் கோளாறு இருக்க வாய்ப்பு. ஃபேன் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட்டினால், சத்தம் வாட்டர் பம்ப், டைனமோ பக்கமா, இல்லை இன்ஜினுக்குள்ளேயா என்று தெரிந்துவிடும். ஒவ்வொன்றும் ‘ஆமாம், இல்லை’ என்று பதில் வரும் கேள்வி. பிழை இருக்கும் இடத்தைப் பாதி பாதியாகச் சுருக்கிக்கொண்டே போகிற இதே வேலையைத்தான் நாங்கள் ஆபீஸில் கோட் வைத்துச் செய்கிறோம்.

நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்கும் மெக்கானிக்குகளைப் பார்த்திருப்பீர்கள். 1816இல் பாரிஸில் லேனெக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி ஓர் இளம்பெண்ணின் மார்பில் வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதஸ்கோப் பிறந்தது. அவருடைய பெருமை அந்தக் குழாயோடு முடியவில்லை. உயிரோடு இருந்தபோது நோயாளியிடம் கேட்ட சத்தத்தை, இறந்த பிறகு உடலைத் திறந்து பார்த்ததோடு ஒப்பிட்டு எழுதிவைத்தார். கேட்டதும் கண்டதும் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஒரு சத்தத்துக்குப் பெயர் வைக்க முடிந்தது. ‘எனக்குக் கேட்டாலே தெரியும்’ என்று சொல்கிற நல்ல மெக்கானிக்கின் காதுக்குப் பின்னாலும் அவர் பிரித்துப் பார்த்த நூறு இன்ஜின்கள் இருக்கின்றன.

கோவையில் நான் வண்டி விடும் ஒர்க்‌ஷாப்காரருக்கு அறுபது வயதுக்கு மேல். மேலே டிக்டிக்கென்று வருகிற சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று ஒருநாள் கேட்டேன்.

“தம்பி, சத்தம் நிக்கோணுமா, வண்டி நிக்காம ஓடோணுமா?”

“ரெண்டும் ஒண்ணுதானுங்கண்ணா?”

“எப்படி ஒண்ணாகும்? தட்டுற டேப்பட்டுக்குப் பயப்பட வேண்டாம். தட்டாத டேப்பட்டுக்குத்தான் பயப்படோணும்.”

விஷயம் இதுதான். இந்த இன்ஜினில் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே 15 தௌ இடைவெளி விட வேண்டும். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 15 தௌ என்பது 0.38 மில்லிமீட்டர். அந்த இடைவெளியைத் தாண்டி ராக்கர் வால்வைத் தொடும்போது லேசாக ‘டிக்’ என்று கேட்கும். ஸ்க்ரூவை இறுக்கினால் இடைவெளி போகும், சத்தமும் போகும். ஆனால் வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டின் பெரும் பகுதியை இறக்கிவைப்பது, மூடியிருக்கும் நேரத்தில், சீட்டோடு ஒட்டி உட்கார்ந்துதான். உட்கார இடம் கொடுக்காவிட்டால் அது கருகும். காதுக்கு இதமாக, பூனை மாதிரி ஓடிக்கொண்டே கருகும்.

யாரும் ஸ்க்ரூவைத் தொடாமலும் இது நடக்கும். இந்தியா முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல் நிறுத்தப்பட்டது. நம் மூச்சுக்கு நல்லது, செய்ய வேண்டிய காரியம். ஆனால் பழைய இன்ஜின்களில் அந்த ஈயம்தான் வால்வு சீட்டுக்கு மெத்தை போல இருந்தது. அது இல்லாமல், மிருதுவான இரும்பு சீட் மெல்லத் தேய்ந்து, வால்வு உள்ளே இறங்க இறங்க, 15 தௌ 10 ஆகும், 5 ஆகும், ஒன்றுமில்லாமல் போகும். வெளியே இருப்பவருக்கு என்ன கேட்கும்? வருஷா வருஷம் வண்டி அமைதியாகிக்கொண்டே வருவது கேட்கும். ‘ஓட ஓட நல்லா செட்டாயிடுச்சு’ என்பார்.

நியாய தர்க்கத்தில் புகையை வைத்து நெருப்பை ஊகிப்பது எல்லாருக்கும் தெரிந்த உதாரணம். அதன் கூடவே ஓர் எதிர் உதாரணமும் சொல்வார்கள்: பழுக்கக் காய்ச்சிய இரும்புக்குண்டு. அதில் நெருப்பு உண்டு, புகை இல்லை. புகை இருந்தால் நெருப்பு இருக்கிறது என்று சொல்லலாம், புகை இல்லாததால் நெருப்பு இல்லை என்று சொல்லக் கூடாது. சத்தமில்லாத டேப்பட் அந்த இரும்புக்குண்டுதான். ‘சத்தம் நின்றது’, ‘சரியாகிவிட்டது’ என்ற ரெண்டும் தனித்தனி வாக்கியங்கள். முதலாவதிலிருந்து ரெண்டாவதுக்குப் போக வேண்டுமென்றால், ஏன் நின்றது என்று சொல்லியாக வேண்டும்.

இதுவரை இது தர்க்கம். அறம் எங்கே நுழைகிறது என்பதற்கு ஆயிலைப் பாருங்கள். தேய்ந்த பேரிங் தட்டுகிற இன்ஜினில் கெட்டியான ஆயில் ஊற்றினால் தட்டல் கொஞ்ச நாளைக்கு அமுங்கும். கையில் காசில்லாத ஒரு டாக்ஸிக்காரர் இதைச் செய்கிறார். தீபாவளி சவாரி முடிந்ததும் இன்ஜினைப் பிரிக்கலாம், அதுவரை மெதுவாக ஓட்டுவோம் என்று கணக்குப் போடுகிறார். வண்டியை விற்கப்போகும் ஒரு புரோக்கரும் இதையே செய்கிறார். அதே ஆயில், அதே அமைதி. டாக்ஸிக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அமைதிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அவர் ஓட்டுகிறார். புரோக்கர் ஒரு வார்த்தை பொய் பேசவில்லை. ஆனால் வாங்குகிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர் காதிலிருந்து எடுத்துவிட்டார். பழைய வண்டி வாங்கப் போகும் அனுபவசாலிகள் முதலில் பானட்டைத் தொட்டுப் பார்ப்பது இதற்காகத்தான். நாம் வருவதற்குள் இன்ஜின் சூடாக்கப்பட்டிருந்தால், குளிரில் வரும் ஏதோ ஒரு சத்தத்தை நமக்குக் கேட்கவிடாமல் செய்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆக, சத்தத்தை அடக்குவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. யாருடைய காதுக்காக அடக்குகிறோம் என்பதுதான் கேள்வி. சிக்கல் என்னவென்றால், விற்கிறவரும் வாங்குகிறவரும் எப்போதும் ரெண்டு தனி ஆட்களாக இருப்பதில்லை. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ராத்திரி ஓடும் ஒரு புரோகிராம் அடிக்கடி தோற்றுப்போகும். ‘தோற்றால் மூன்று முறை மறுபடி முயற்சி செய்’ என்று யாரோ ஒரு வரி சேர்த்தார்கள். அலர்ட் நின்றது. டிக்கெட் மூடப்பட்டது. ஏன் தோற்றது என்ற கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. சில மாதம் கழித்து மூன்று முயற்சியும் தோற்ற ராத்திரியில், அந்த வரியை எழுதியவர் வேறு கம்பெனியில் இருந்தார். போன் வந்து எழுந்து உட்கார்ந்தவர், கெட்டி ஆயில் ஊற்றிய வண்டியை வாங்கியவர் போலத்தான். ஒரு டீம், எதிர்காலத்தில் இருக்கும் தன்னிடமே வண்டியை விற்றிருந்தது.

வீடுகளிலும் இது நடக்கிறது. முட்டி வலிக்கிறது என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் சொல்வதை நிறுத்துகிறார். மாத்திரை கேட்கிறது என்று எல்லாருக்கும் நிம்மதி. துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போவதை அவர் விட்டுவிட்டது யார் கண்ணிலும் படுவதில்லை. ‘எப்பப் பார்த்தாலும் வலி வலின்னு’ என்று யாரோ சலித்துக்கொண்ட நாளில் ஸ்க்ரூ ஒரு சுற்று இறுகியிருக்கும். வலி அப்படியே இருக்கிறது, சொல்வதற்கான இடைவெளிதான் போய்விட்டது.

‘பழைய வண்டியில் எல்லா சத்தத்தையும் துரத்திக்கொண்டு போனால் வண்டியை எப்போது ஓட்டுவது?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். என் வண்டியிலேயே இடது பின்கதவு லொடலொடக்கிறது. காரணம் தெரியும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது என்றும் தெரியும், அப்படியே ஓட்டுகிறேன். தெரிந்து ஒரு சத்தத்தோடு வாழ்வது வேறு, அது கேட்காதபடி காதை அடைத்துக்கொள்வது வேறு. முதலாவதில் சத்தம் மாறினால் நமக்குத் தெரியும். ரெண்டாவதில் எதுவும் தெரியாது.

அந்த இன்ஜினை வடிவமைத்தவர்கள் 15 தௌ இடைவெளியைக் கவனக்குறைவாக விட்டுவிடவில்லை. இரும்பு சூட்டில் நீளும் என்று தெரிந்து, அதற்கு இடம் ஒதுக்கினார்கள். சத்தம் அந்த இடத்துக்கான விலை. ஒவ்வொரு முறை டேப்பட் சரிபார்க்கும்போதும் ஃபீலர் கேஜை அந்தச் சந்தில் நுழைத்துப் பார்க்கிறோம். லேசாகப் பிடித்து, ஆனால் சிக்காமல் நகர வேண்டும். வீட்டிலும் ஆபீஸிலும் அப்படிச் சரிபார்க்க கேஜ் எதுவும் விற்பதில்லை. ரொம்ப நாளாகக் குறை சொல்லாமல் இருக்கிற ஒருவரிடம் போய் உட்கார்ந்து, ‘இப்ப எப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எழுந்துபோகாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி.