பற்று

ஒரு காட்டின்மேல் பற்றுக் கொண்டவன் அதற்குள் போகலாமா? கேள்வி அசட்டுத்தனமாகத் தோன்றலாம். புறப்படும்போது எனக்கும் அப்படித்தான் பட்டது. வங்கி ஊழியனுக்கு உரிய பயணச் சலுகையில், விருத்தாசலத்தில் ரயிலேறி, சேலம், கோவை, ஆனைகட்டி, அட்டப்பாடி என்று கடந்து முக்காலி போய்ச் சேர்ந்தேன். சைலண்ட் வேலி என்று உலகம் அறிந்த அமைதிப் பள்ளத்தாக்கின் வாசல் அது.

முக்காலியிலிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் ஜீப்பில்தான் போகவேண்டும். வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். சைரந்திரியில் ஒரு இரும்புக் கோபுரம். ஏறிப் பார்த்தால் மடிப்பு மடிப்பாக மலைகள். மனிதன் வெட்டிய கோடு ஒன்றுகூடக் கண்ணுக்குப் படாத பச்சை. அங்கிருந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் குந்திப்புழை. விராடன் அரண்மனையில் திரௌபதி பூண்ட பெயர் மேலே. அவள் மாமியாரின் பெயர் கீழே. ஆற்றின் நீர் கறுத்தும் தெளிந்தும் பாறைகளுக்கு இடையில் ஓடிக்கொண்டிருந்தது. சிங்கவால் குரங்கு ஒன்றையும் நான் பார்க்கவில்லை. வெடிப்பலா மரத்தடியில் அவை தின்று போட்ட தோடுகளை மட்டும் பார்த்தேன். ஏமாற்றமாக இல்லை.

"இதுக்கு மேல நமக்கு வழி இல்ல சார்" என்றார் வழிகாட்டி. அட்டப்பாடிப் பழங்குடிக்காரர், தமிழ் பேசினார். ஆற்றுக்கு அப்பால் கிடக்கும் காட்டுக்குள் பார்வையாளனுக்கு அனுமதி இல்லை. பாறையில் உட்கார்ந்தோம்.

"சாருக்கு எந்த ஊர்?"

"கம்மாபுரம். நெய்வேலி தெரியுமா? அதுக்குப் பக்கம்."

"கரண்ட் எடுக்கற இடம்தானே?" என்றார். சற்றுப் பொறுத்து, "இங்க எடுக்கல. அங்க எடுத்தாங்க" என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை; மழை வருமா வராதா என்பதுபோலச் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான்.

நாங்கள் உட்கார்ந்திருந்த ஆற்றின் குறுக்கே, அந்தச் சைரந்திரியில்தான் அணை வந்திருக்க வேண்டும். 1973இல் திட்டக்குழு ஒப்புதல் தந்தது. முதல் கட்டத்தில் 120 மெகாவாட். மூழ்கவிருந்த காடு 8.3 சதுர கிலோமீட்டர். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஊர் ஊராகப் போய்ப் பேசியது. கவிஞர் சுகதகுமாரி எழுதினார், தெருவில் நின்றார். பறவையியலாளர் சாலிம் அலி குரல் கொடுத்தார். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று.

இந்தச் சரித்திரத்தில் என்னைக் கவர்ந்த விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காட்டுக்காகக் கூட்டம் போட்ட ஆசிரியர்களிலும், கையெழுத்திட்ட மாணவர்களிலும் பெரும்பாலோர் அதைப் பார்த்ததே இல்லை. பார்க்கப்போவதாகவும் நினைத்திருக்க மாட்டார்கள். காணாத ஒன்று, தன் உபயோகத்துக்கு வராத ஒன்று, இருக்கட்டும் என்று விரும்பியிருக்கிறார்கள். நேசத்தின் வகைகளில் இது அபூர்வமானது. டிக்கெட் வாங்கிப் போன என் நேசம் இதைவிடக் குறைந்த ரகம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆங்கில இலக்கியம் படித்தவனுக்கு வேர்ட்ஸ்வொர்த் நினைவு வராமல் இருக்காது. ஏரிப் பிரதேசத்துக்கு 1810லேயே வழிகாட்டி நூல் எழுதியவர் அவர். அதே மனிதர் 1844இல் வின்டர்மியருக்கு ரயில் வருவதை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். அழைத்தவரே கதவைச் சாத்தினார் என்று அவரைக் கேலி செய்வது சுலபம். ஆனால், பார்க்கப் போகிறவர்களே பார்க்கும் பொருளைத் தேய்த்துவிடுவார்கள் என்ற அவர் பயம் பொய்யில்லை. குந்திப்புழையோடு பாதை நின்றுவிடுவது இந்த பயத்துக்குத் தரப்பட்ட ஒரு நியாயமான பதில். போகலாம், ஓர் எல்லை வரை. எல்லைக்கு அப்பால் உள்ளது நமக்காக இல்லை. நடப்பவனின் ஒழுக்கம் பற்றிய கேள்வி இத்துடன் தீர்ந்துவிடுகிறது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன்.

வழிகாட்டியின் வாக்கியம் அதைத் தீரவிடவில்லை. அது கணக்குப் பற்றிய வாக்கியம். என் பிழைப்பும் கணக்கு. ஒரு பேரேட்டில் வரவு வைத்தால் இன்னொன்றில் பற்று எழுதாமல் நாள் முடியாது. அமைதிப் பள்ளத்தாக்கில் எடுக்காத மின்சாரம் யாருக்கும் தேவைப்படாமல் போய்விடவில்லை. அதற்கு ஈடாகத்தான் நெய்வேலியைத் தோண்டினார்கள் என்று நான் சொல்லவரவில்லை; அப்படிச் சொன்னால் பொய். நெய்வேலி நிறுவனம் 1956இல் தொடங்கியது. 1961இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்துவிட்டது. ஆனால் நெய்வேலி மின்சாரம் கேரளத்துக்கும் போகிறது. சைரந்திரிக்குப் போய்த் திரும்பியவன் விடுதியில் விளக்கைப் போடும்போது எங்கோ ஓரிடத்தில் மண் புரள்கிறது.

அந்த மண் எங்கள் பக்கத்து மண். 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புக்கு அருகே வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிர்மேல் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். இரண்டும் கணக்குப்படி சரியாக இருக்கலாம். அந்தப் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது, கணக்கு நேராகிவிட்டதென்று கையெழுத்துப் போட என் கை வரவில்லை.

ஆட்சேபம் எனக்குத் தெரியும். மழைக்காட்டையும் வயலையும் ஒரே தராசில் வைக்கலாமா? ஓர் உயிரினம் அற்றுப்போனால் மீளாது. நெல் அடுத்த போகம் விளையும். இதை ஏற்கிறேன். பள்ளத்தாக்கைக் காத்தது சரியே. இன்னொரு தடவை முடிவெடுக்க வேண்டி வந்தாலும் அதுவே சரி. ஆனால் ஆட்சேபத்தில் ஒரு நழுவல் இருக்கிறது. நெல் அடுத்த போகம் விளையும், உண்மை. அந்த வயலில் விளையாது. சுரங்கத்துக்குப் போன மண்ணுக்கு அடுத்த போகம் இல்லை. மீளாமை என்ற நியாயத்தைக் காட்டுக்கு மட்டும் தந்துவிட்டு வயலுக்கு ரூபாயைத் தருகிறோம். இரண்டுக்கும் இடையே நாம் உண்மையில் காட்டும் வித்தியாசம், ஒன்று அழகாக இருக்கிறது, மற்றது பழகிப்போயிருக்கிறது என்பதே. பரவனாற்றுக்குக் கோபுரம் கட்டி எவரும் பார்க்கச் சொல்லவில்லை. அழகியல் ரசனை அறவுணர்வின் வேடத்தில் வரும் சந்தர்ப்பம் இது. விமர்சனம் எழுதுகிறவன் இதைக் கண்டுகொள்ளாவிட்டால் வேறு யார் கண்டுகொள்வது?

நானும் வெளியே நிற்பவன் இல்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக்காரர்களின் கடன் தாள்கள் என் மேஜைக்கு வருகின்றன. சுரங்கத்தால் பிழைக்கும் குடும்பங்களின் சேமிப்புக் கணக்கும் வருகிறது. இதை எழுதும் விளக்கும் அந்த விளக்குத்தான். 'சுரங்கத்தை மூடு' என்று ஒரு வரியில் முடிக்க எனக்கு யோக்யதை இல்லை.

போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், போகலாம் என்பதே. ஆனால் குந்திப்புழைப் பாறையில் உட்கார்ந்து வருபவன், தான் பார்த்த பச்சைக்கு எதிர்ப்பதிவு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். அன்று, காணாத காட்டுக்காகக் கூட்டம் போட்டவர்கள் நமக்கு ஒரு வழி காட்டிவிட்டுப் போனார்கள். காணாத வயலுக்கும், ரசிக்க ஏதும் இல்லாத வாய்க்காலுக்கும் அந்த வழி நீளாவிட்டால், காட்டில் நாம் நடந்தது வெறும் உலாத்தல்.

பற்று என்றால் பாசம். எங்கள் பேரேட்டில் கொடுக்கவேண்டிய தொகை. ஊர் திரும்பிய அடுத்த ஞாயிறு சைக்கிளை எடுத்துக்கொண்டு பரவனாற்றங்கரைக்குப் போனேன். பார்க்க ஒன்றும் இல்லை. கரை முடியும் மட்டும் நடந்தேன்.