கெடுவும் நியாயமும்

ஒருவனுக்கு இழைக்கப்பட்ட அநீதி, நாட்கள் கழிவதனால் அநீதி அல்லாமற் போய்விடுமா? இக்கேள்வியை எந்த நாட்டுச் சட்டமும் நேர்முகமாகக் கேட்பதில்லை. ஆனால் ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டங்களும் அதற்கு ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கின்றன. அப்பதிலுக்குத்தான் கெடு என்று பெயர். சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவன் ஒருவன், தன் இனத்தின் காரணமாகவோ, மதத்தின் காரணமாகவோ, ஒருத்தி பெண்ணாய்ப் பிறந்த காரணமாகவோ, தனக்குத் தீங்கு செய்யப்பட்டதென்று முறையிட வந்தால், சொல்லுவது மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முன்னால், எத்தனையாவது நாளில் வந்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். நாள் தவறியிருந்தால், மெய் பொய் பார்க்கும் வேலை ஒருவருக்கும் இல்லை.

கெடு என்பதே கெட்ட வழக்கம் என்று நாம் சொல்ல வரவில்லை. கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்துக் கிராணியாயிருக்கும் நமக்குக் கெடுவின் அருமை நன்றாகத் தெரியும். பறித்த கொழுந்து அன்றைக்கே ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். சாக்கில் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அப்புறம் எந்தத் துரை வந்தாலும் அதை நல்ல தூளாக்க முடியாது. பெரட்டுக்கு வராதவன் பெயரை மாலையில் வந்து பதியச் சொன்னால் நாமும் பதியமாட்டோம். ஆகவே நாம் கேட்பது ஒன்றே ஒன்று. நாள் கழிந்தால் கொழுந்தில் கெட்டுப்போவது எது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. முறையீட்டில் கெட்டுப்போவது எது?

சட்டம் கற்றோர் சொல்லும் விடை, சாட்சி கெட்டுப்போகிறது என்பதாகும். ஞாபகம் மங்கும், சாட்சிகள் ஊர் மாறுவார்கள், இறந்தும் போவார்கள். குற்றஞ் சாட்டப்பட்ட மேலதிகாரியும் மனிதன்தானே? பத்து வருஷத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் நீ இப்படிச் சொன்னாயா என்று கேட்டால் அவன் எதைக்கொண்டு தன்னைக் காத்துக்கொள்வான்? வேலையை விட்டுப் போனபின் பழைய கங்காணிகள்மேல் இல்லாததும் பொல்லாததும் கட்டிச் சொன்னவர்களை நாமே பார்த்திருக்கிறோம். இந்த வாதத்தை நாம் மனமார ஒப்புக்கொள்ளுகிறோம். வாயினால் சொல்லப்பட்ட வசவுக்கும், தனியறையில் நடந்த அவமானத்துக்கும் கெடு இருக்கவேண்டியதுதான்.

ஆனால் சர்க்கார் அலுவலகத்தில் நடக்கும் பாரபட்சத்தில் பெரும்பகுதி வாயினால் நடப்பதில்லை, காகிதத்தினால் நடக்கிறது. யாருக்கு உயர்வு, யாருக்கு மாற்றல், ஒரே குற்றத்துக்கு யாருக்கு எச்சரிக்கை, யாருக்குத் தண்டனை என்பதெல்லாம் கோப்பில் ஏறி, முத்திரை குத்தி, பூட்டிய அலமாரியில் இருக்கின்றன. அந்தச் சாட்சி சாகாது, ஊர் மாறாது, அதன் ஞாபகம் மங்காது. அது யார் கையில் இருக்கிறதென்றால், முறையீட்டுக்கு ஆளான அலுவலகத்தின் கையிலேயே இருக்கிறது. சாட்சி கெடும் என்பதற்காக ஏற்பட்ட கெடுவை, கெடாத சாட்சியைக் கைவசம் வைத்திருப்பவனே கேடயமாகப் பிடிப்பது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

நிற்க, நம் நாட்டு நிலைமையைப் பார்ப்போம். மலேசிய அரசியலமைப்பின் 136-ஆவது ஷரத்து, சமஷ்டிச் சர்க்கார் சேவையில் ஒரே தரத்தில் இருக்கும் எல்லா இனத்தாரும் பாரபட்சமின்றி நடத்தப்பட வேண்டும் என்கிறது. 8-ஆவது ஷரத்து மதம், இனம், மரபு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கொண்டு பேதம் பாராட்டுவதைத் தடுக்கிறது. 2001-இல் பால் வேற்றுமையும் அதில் சேர்க்கப்பட்டது. இந்த ஷரத்துகளில் நாட்கணக்கு ஒன்றும் இல்லை. நாட்கணக்கு கீழே, விதிகளில் இருக்கிறது. 1993-ஆம் வருஷத்து ஒழுங்கு நடவடிக்கைச் சபை விதிகளின்படி, தண்டிக்கப்பட்ட ஊழியன் முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 14 நாட்களுக்குள் மேல்முறையீடு எழுதவேண்டும். அதையும் தன் இலாகாத் தலைவர் வழியாகவே அனுப்பவேண்டும். யார்மேல் குறையோ அவர் கையில் குறையைக் கொடுத்து மேலே அனுப்பச் சொல்லும் இவ்வேற்பாட்டைப்பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

தனியார் தோட்டத்தில் வேலை செய்பவருக்கோ வேறு சட்டம். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டால், 1967-ஆம் வருஷத்துத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்கீழ் 60 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம். சர்க்கார் ஊழியருக்கு அப்பகுதி பொருந்தாது. அந்த 60 நாளும் இரும்புச் சுவர்தான்: பங் கியோங் ரப்பர் வழக்கில் 1981-இல் பெடரல் நீதிமன்றம், இப்பிரிவின் கெடு கட்டாயமானது, அதை நீட்டிக்க இடமில்லை என்று தீர்த்துவிட்டது. எப்படியும் தோட்டத்துத் தாய்க்கு 60 நாள். அவள் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்துச் சர்க்கார் வேலைக்கு அனுப்பிய மகனுக்கு 14 நாள். இரண்டும் ஒரே வகை முறையீடு அல்ல என்பது மெய்தான். ஆயினும் கணக்கு எழுதும் நமக்கு இக்கணக்கு உறுத்துகிறது.

அப்படிப்பட்ட தாய் ஒருத்தி சில காலத்துக்கு முன் நம் ஆப்பீசுக்கு ஒரு கடிதத்தோடு வந்தாள். மகன் கீழ்நாட்டில் ஓர் அலுவலகத்தில் சிறு உத்தியோகம். வேலைக்குப் பிந்தி வந்ததற்காகச் சம்பள உயர்வை நிறுத்திவைத்துவிட்டார்கள். பிந்தி வந்தது உண்மை; அதை அவன் மறுக்கவில்லை; தண்டனையையும் வாய்பேசாமல் ஏற்றுக்கொண்டான். ஒரு மாதம் சென்றபின்தான், அதே குற்றம் செய்த வேறு இனத்து இருவருக்கு வெறும் எச்சரிக்கையோடு விட்டார்கள் என்பது கூட வேலை செய்பவர் மூலம் அவன் காதுக்கு எட்டியது. அப்போதுதான் அவனுக்குக் குறை பிறந்தது. ஆனால் குறை பிறப்பதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதன் கெடு இறந்துவிட்டது! நாம் கடிதத்தைப் படித்துத் தேதியைச் சொன்னோம். "கிராணி ஐயா, தேதி போயிட்டா நடந்தது நடக்காததாயிடுமா?" என்று கேட்டாள். உயர்நீதிமன்றத்தில் மறுபரிசீலனை கோர மூன்று மாதம் உண்டு, தக்க காரணம் காட்டினால் அதற்கு மேலும் அவகாசம் கேட்கலாம் என்றோம். வக்கீலுக்கு எவ்வளவு ஆகும் என்றாள். சொன்னோம். கடிதத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

பாரபட்சம் என்பதன் இயல்பே இதுதான். அடி விழுந்தால் உடனே வலிக்கும். பாரபட்சம் அடுத்தவனோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெளிப்படையாகக் காரணம் சொல்லிவிடுகிற அலுவலகங்கள் சிலவே. 2009-இல் நூர்ஃபடில்லா என்னும் தற்காலிக ஆசிரியையின் நியமனத்தைக் கர்ப்பவதி என்பதற்காகவே ரத்து செய்தார்கள். காரணம் கையிலேயே இருந்தபடியால் அவர் வழக்காட முடிந்தது. 2011-இல் ஷா ஆலம் உயர்நீதிமன்றம் அது 8-ஆவது ஷரத்துக்கு விரோதம் என்றது. காரணத்தை வாய்க்குள் வைத்துக்கொள்ளும் அலுவலகத்தில் வேலை செய்பவன் என்ன செய்வான்?

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் நல நிர்வாகத்தில் வேலைபார்த்த ஷெர்லி இர்வின் என்பவர், இனத்தையும் உடற்குறையையும் காரணமாக வைத்துத் தம்மை 1986-இல் நீக்கினார்கள் என்று முறையிட்டார். முறையீடு தள்ளப்பட்டது. நீதிமன்றம் போக அக்காலத்தில் அவருக்கு 30 நாள். தள்ளிய கடிதம் வக்கீலின் ஆப்பீசுக்கு வந்தபோது வக்கீல் வெளிதேசத்தில் இருந்தார். இர்வின் தாம் கடிதம் பெற்றதாகச் சொன்ன நாளிலிருந்து 29-ஆம் நாள் வழக்குப் போட்டார். ஆனால் கடிதம் ஆப்பீசுக்கு வந்த நாளிலிருந்து எண்ணினால் அது 44-ஆம் நாள். 1990-இல் உச்ச நீதிமன்றம், சர்க்காருக்கு எதிரான கெடுவையும் நியாயத்துக்காகத் தளர்த்தலாம் என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டு, இந்தச் சாதாரண அஜாக்கிரதைக்கு அது கிடையாது என்று அவரை வெறுங்கையோடு அனுப்பியது. மறு வருஷம் சட்டசபை அந்த 30 நாளை 90 ஆக்கிற்று. இர்வினுக்கு அதனால் என்ன பயன்? அவர் சொன்னது மெய்யா பொய்யா என்று அந்த வழக்கில் ஒரு நீதிபதியும் பார்க்கவில்லை.

இந்தியாவில் வழி சற்று அகலமாயிருக்கிறது. 1985-ஆம் வருஷத்து நிர்வாகத் தீர்ப்பாயச் சட்டம் சர்க்கார் ஊழியருக்குப் பொதுவாக ஒரு வருஷம் தருகிறது. போதிய காரணம் காட்டினால் பிந்தி வந்தவனையும் உள்ளே விடுகிறது. 1995-இல் எம்.ஆர். குப்தா என்ற ரயில்வே ஊழியர் வழக்கில், சம்பளத்தைத் தவறாக நிர்ணயித்திருந்தால், குறைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு மாதமும் புதிய தவறே என்று உச்ச நீதிமன்றம் கண்டது. பழைய பாக்கி முழுதும் கிடைக்காமற் போகலாம்; ஆனால் கதவு அடைபடாது. செக்ரோல் எழுதும் எந்தக் கிராணியும் இதை ஒப்புக்கொள்வான். தப்பாய் எழுதிய கூலியை இந்த மாதமும் தப்பாய் எழுதினால், அது இந்த மாதத்துத் தப்புத்தானே?

ஆகையால் கெடுவை ஒழிக்கச் சொல்லவில்லை. அதன் தலைப்பை மாற்றச் சொல்லுகிறோம். கடிதத்தின் தேதியிலிருந்தல்ல, குறையை அறிந்த நாளிலிருந்து எண்ணட்டும். சாட்சி முழுதும் அலுவலகத்துக் கோப்பிலேயே இருக்குமானால், பிந்தி வந்தவனையும் கேட்கட்டும். மேல்முறையீடு எதிரியின் மேசை வழியாகப் போகவேண்டாம். இத்தனை நாள் உனக்கு உண்டு என்பதைத் தண்டனைக் கடிதத்தின் அடியிலேயே படிப்பவனுக்குப் புரியும் பாஷையில் எழுதட்டும். இதில் எதற்கும் கஜானா காலியாகாது.

இவை வரும்வரை தோட்டத்தில் உள்ளவர்கள் செய்யக்கூடியது சிறிது உண்டு. மலைக்கு வரும் தபால் பலருக்கும் தோட்டத்து ஆப்பீஸ் விலாசத்திலேயே வருகிறது. வந்த ஒவ்வொரு கடிதத்திலும் வந்த தேதியை முத்திரையிட்டு, நோட்டுப் புத்தகத்தில் பதிந்து, வாங்கிக்கொண்டவரின் கையெழுத்தோ கைரேகையோ எந்த நாளில் போட்டது என்றும் குறித்து வைக்கத் தொடங்கியிருக்கிறோம். பெரட்டு முடிந்ததும் சர்க்கார் கடிதங்களை முதலில் கூப்பிட்டுக் கொடுக்கிறோம். மை டப்பா ஒன்று, ரப்பர் முத்திரை ஒன்று, ஒரு நீண்ட நோட்டு; இவ்வளவுதான் செலவு. மற்றத் தோட்டத்துக் கிராணிகளும் விரும்பினால் அந்த நோட்டின் மாதிரியை அனுப்பச் சித்தமாயிருக்கிறோம்.