தீர்ந்த கடனும் கிழிக்கலாகாத ஏடும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து, ஜொகூர் பாருவிலுள்ள நம் கடைக்கு நாம் திரும்பியபொழுது, நமக்குப் பிள்ளை முறையாகும் ஒரு வாலிபர் கல்லாவின் அருகே காத்திருந்தார். கையில் ஒரு கட்டுக் காகிதம். பிரிட்டனில் பொறியியல் படிக்க அவருக்கு இடம் கிடைத்திருக்கிறது. இனி விசாவுக்கு மனுச் செய்ய வேண்டும். “மாமா, என் நடத்தையைப் பற்றி நீங்கள் ஒரு கடிதம் தர வேண்டும். என் மேல் கேஸ் எதுவும் இருந்ததில்லை என்று ஒரு வரி மட்டும் போட்டுக் கொடுங்கள்” என்றார்.

அந்த ஒரு வரியை எழுத நமக்குக் கை வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன் அவருக்கு ஜாமீன் நின்றவரே நாம்தாம். பத்தொன்பது வயதில், ஒரு சாப்பாட்டுக் கடையில் மூண்ட வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, எதிரியின் மூக்கை உடைத்துவிட்டார். காயம் விளைவித்தலைத் தண்டிக்கும் குற்றவியல் சட்டத்தின் 323ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறையோ, 2,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. மாஜிஸ்திரேட் ஒரு மாதச் சிறை விதித்தார். பிள்ளை அதை அனுபவித்து வெளியே வந்தார். அதன்பின் இரண்டு வருஷம் நம் கடையில்தான் வேலை பார்த்தார். கல்லாச் சாவியும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு காசு குறைந்ததில்லை.

விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் ஏஜெண்டோ, “அங்கே யாருக்குத் தெரியப் போகிறது? இல்லை என்று போடுங்கள்” என்று சொல்லிவிட்டார். பிள்ளையின் அத்தா நம்மிடம் வந்து வேறு விதமாக வாதாடினார். அவர் மார்க்கம் அறிந்தவர். “தௌபாச் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, நாமே அதைத் திறந்து தம்பட்டம் அடிப்பதா? பிறர் குறையை மறைக்கச் சொல்லும் மார்க்கத்தில், தன் குறையை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்று நீங்கள் சொல்லலாமா?” என்று கேட்டார்.

இது லேசான கேள்வி அல்ல. இரண்டு இரவுகள் நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாம் மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்ததற்கு மேல் படித்தவரல்லர். எனவே, நமக்குத் தெரிந்த வியாபாரத்தை வைத்தே இதை யோசித்துப் பார்த்தோம்.

தானியக் குவியலின் உள்ளே நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு ஈரத்தைக் கண்டு, வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நம்மில் யாருக்குத்தான் தெரியாது? ஈரத்தை மேலே வைக்காமல் அடியில் மறைத்ததுதான் அங்கே குற்றம். ஆகவே சரக்கின் குறையை வாங்குகிறவனுக்குச் சொல்லிவிட வேண்டும். அதற்காக, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நம் வீட்டு விஷயங்களையும் சொல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. அடியானுக்கும் ரப்புக்கும் இடையில் உள்ள பாவம் வேறு. ஒப்பந்தம் செய்யும்போது எதிரில் இருப்பவர் நேராகக் கேட்கும் கேள்வி வேறு. முன்னதை மறைப்பது நாணம். பின்னதில் மறைப்பது மோசடி.

ஆகவே கேட்டதற்கு உண்மை சொல்ல வேண்டும். கேட்காததை எடுத்து விரிக்க வேண்டியதில்லை. நாம் கண்ட அளவுகோல் இதுதான். இந்த அளவுகோலுக்கு, யார் எதைக் கேட்கிறார் என்று தெரிந்திருப்பதும் அவசியம். பிரிட்டனில் பல்கலைக் கழக விண்ணப்பங்களைத் திரட்டும் யூகாஸ் என்னும் ஸ்தாபனம், முன்பு எல்லா மாணவரிடமும் தண்டனை பற்றிக் கேட்டுவந்தது. 2019ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அந்தப் பொதுக் கேள்வியை எடுத்துவிட்டது. மருத்துவம், ஆசிரியப் பயிற்சி, சமூகப் பணி போன்ற சில படிப்புகளுக்கே இப்பொழுது கேட்கிறது. நம் பிள்ளையின் படிப்புக்கு அது கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் விசாப் படிவம் கேட்கிறது. அங்கே “இல்லை” என்று எழுதினால் அது சுத்தப் பொய். பொய்யின் விலையையும் சகோதரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனின் விதிப்படி, 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றவருக்கு விசா மறுக்கப்படும். அதற்குக் குறைந்த தண்டனையானால் அதிகாரி யோசித்து முடிவு செய்ய இடமுண்டு. மனுவில் ஏமாற்றியதாகக் கண்டுபிடித்தாலோ 10 ஆண்டுகள் வரை கதவு மூடப்படும். பொய்த் தகவல் தந்தவரைக் கனடா 5 ஆண்டுகளும் ஆஸ்திரேலியா 3 ஆண்டுகளும் தள்ளி வைக்கின்றன. ஆக, ஒரு மாதச் சிறையை ஒப்புக்கொண்டவனுக்கு வழி இருக்கலாம். அதை மறைத்துப் பிடிபட்டவனுக்கு இல்லை.

“யாருக்குத் தெரியும்” என்பதும் வீண் பேச்சு. குற்றவாளிகளின் பதிவேட்டுக்கென்றே நம் மலேசியாவில் 1969ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. வெளிநாடு செல்பவருக்கு நன்னடத்தைச் சான்றிதழ் தரும் வெளியுறவு அமைச்சும் போலீஸாரைக் கேட்டுத்தான் தருகிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

இதுவரை பிள்ளையின் கடமையைப் பேசினோம். கேட்கிறவனுக்குக் கடமை இல்லையா? நம் கடன் பேரேட்டைப் பாருங்கள். ஒருவர் பாக்கியை முழுதும் கட்டிவிட்டால், அந்தப் பக்கத்தை நாம் கிழித்து எறிவதில்லை. கிழித்தால் அது கள்ளக் கணக்கு. “கணக்குத் தீர்ந்தது” என்று எழுதிக் கோடு போடுகிறோம். அதன்பின் மறுபடியும் அதே பாக்கியைக் கேட்டால் அதுவும் கள்ளக் கணக்குதான். நடந்ததை இல்லை என்பவன் ஏட்டைக் கிழிக்கிறான்; தண்டனை தீர்ந்த பின்பும் தண்டிக்கிறவன் தீர்ந்த கடனை மறுபடி வசூலிக்கிறான். இருவரும் ஒரே பாவத்தின் இரு பக்கங்கள்.

இந்த நியாயத்தைச் சில சர்க்கார்கள் சட்டமாகவே ஆக்கியிருக்கின்றன. பாலத்துக்கு அந்தப் புறம் சிங்கப்பூரில், மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறையோ 2,000 வெள்ளிக்கு மேற்படாத அபராதமோ பெற்றவர், ஐந்து ஆண்டுகள் குற்றமின்றி நடந்தால், சில கடுங்குற்றங்கள் நீங்கலாக, அவருடைய பதிவு கழிந்ததாகக் கொள்ளப்படும் என்று 2005ஆம் ஆண்டு முதல் விதி இருக்கிறது. பிறநாட்டு விசாப் படிவங்கள் அவரவர் சட்டப்படியே கேட்கும். என்றாலும் உள்ளூரில் அவர் தலைநிமிர்ந்து வேலை தேடலாம்.

சட்டம் இல்லாத காலத்திலும் மனிதர்கள் இருந்தார்கள். கப்பலோட்டிய வ. உ. சிதம்பரம் பிள்ளை 1908இல் இராஜ நிந்தனைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றார். 1912இல் வெளியே வந்தார். சிறை தீர்ந்தும் தண்டனை தீரவில்லை. வக்கீல் தொழில் செய்யும் சன்னது பறிபோய், வறுமையில் வாடினார். பின்னர் வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி அந்தச் சன்னது திரும்பக் கிடைக்க உதவினார். அந்த நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் பிள்ளையவர்கள். அவருடையது தேசத்துக்காகப் பட்ட தண்டனை. நம் பிள்ளையுடையது கோபத்தால் வந்தது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் படிவத்திலுள்ள கட்டம் அந்த வித்தியாசத்தை அறியாது. ஆகவேதான் கட்டத்துக்குப் பின்னால் உள்ள மனிதனைப் பார்க்க ஒரு மனிதன் வேண்டியிருக்கிறது.

பெரிய கலாசாலைகளுக்கும் இந்தச் சோதனை வந்ததுண்டு. அமெரிக்காவில் மிஷேல் ஜோன்ஸ் என்னும் பெண்மணி, தம் சொந்தக் குழந்தையைக் கொன்ற கொடிய குற்றத்துக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்து, அங்கேயே சரித்திர ஆராய்ச்சி செய்தார். 2017இல் ஹார்வர்டின் சரித்திரத் துறை அவரைத் தேர்ந்தெடுத்தும், மேலிடம் அதைத் தள்ளிவிட்டது. தம் குற்றத்தை அவர் குறைத்துச் சொன்னாரோ என்ற சந்தேகமும் அங்கே எழுந்தது. நியூயார்க் பல்கலைக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதியில்லை. உண்மையை அரைகுறையாகச் சொன்னதாகத் தோன்றினாலே, சொன்ன உண்மையும் பலமிழக்கும் என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

இவ்வளவும் பிறருக்குச் சொல்லும் நாம், நம் கணக்கையும் காட்ட வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் ஒருவர் நம் கடைக்கு வேலை கேட்டு வந்தார். நாம் கேட்காமலேயே, “நான் ஜெயிலில் இருந்தவன், பாய், பின்னால் தெரிந்து நீங்கள் வருத்தப்படக் கூடாது” என்றார். நாம் “இப்போது ஆள் தேவையில்லை” என்றோம். மறுவாரமே வேறொருவரை அமர்த்திக்கொண்டோம். அவர் சொன்னது உண்மை. நாம் சொன்னது பொய். சொந்தப் பிள்ளை முறையாருக்குக் கல்லாச் சாவியைக் கொடுத்த நமக்கு, அந்நியருக்குக் கூட்டும் துடைப்பத்தைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. உண்மை சொன்னவரை இப்படி விரட்டிவிட்டு, வாலிபர்கள் ஏன் பொய் எழுதுகிறார்கள் என்று நாம் ஆச்சரியப்படலாமா? அவரை இப்பொழுது தேடிக்கொண்டிருக்கிறோம், இன்னும் கிடைக்கவில்லை.

கடைசியில் பிள்ளை “ஆம்” என்றே எழுதினார். எந்தத் தேதி, எந்தக் கோர்ட்டு, என்ன பிரிவு, என்ன தண்டனை, அதன்பின் என்ன செய்தேன் என்று ஆறு வரிகள். சாக்கும் இல்லை, அழுகையும் இல்லை. நாமும் கடிதம் கொடுத்தோம்: “இவர் செய்த குற்றத்தை அறிவோம், இவருக்கு ஜாமீன் நின்றோம், அதன்பின் எம் கல்லாவை இவரிடம் ஒப்படைத்தோம், இன்றும் ஒப்படைப்போம்.” கேஸே இல்லை என்று எழுதும் கடிதத்தைவிட இது கனமானது என்று நம்புகிறோம். அத்தா இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேநீர் குடிக்க வந்தார்.

பதில் இன்னும் வரவில்லை. விசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். கிடைக்காவிட்டால் நம் கடை இருக்கிறது, இங்கேயே கல்லூரிகளும் இருக்கின்றன. பொய் என்னும் புதுக் கடன் ஒன்று அவர் தலையில் இராது.

சகோதரர்களே! உங்கள் கடைக்கும் நாளை ஒருவர் வருவார். தம் ஏட்டைத் திறந்து காட்டுவார். தீர்ந்த கணக்கா என்று பாருங்கள். தீர்ந்திருந்தால், கோடு போட்ட பக்கத்தைத் திருப்பிவிட்டுப் புதுப் பக்கத்தில் அவர் பெயரை எழுதுங்கள். அதில்தான் பரக்கத் இருக்கிறது.

வஸ்ஸலாம்.