காணாக் கொடை: ‘ஜெஜூரி’ பெற்ற பரிசும் இலக்கிய மதிப்பீட்டின் அறமும்

மராட்டிய மாநிலத்தில் புனே நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் ஜெஜூரி என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள குன்றின்மேல் கண்டோபா என்னும் தெய்வம் கோயில் கொண்டிருக்கிறது. ஆடு மேய்க்கும் தன்கர் சமூகத்தாரும் உழவர்களும் மஞ்சள்தூளை அள்ளி வீசி வழிபடுவதால் கோயிற் படிகளும் சுவர்களும் பொன்னிறமாகக் காட்சி தரும். இத்தெய்வத்தைக் கன்னடர் மைலாரர் என்றும் தெலுங்கர் மல்லண்ணா என்றும் வணங்குவர். இவ்வூரைப் பொருளாகக் கொண்டு அருண் கொலட்கர் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஜெஜூரி’ என்னும் கவிதைத் தொகுதி 1976ஆம் ஆண்டு பம்பாயில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டே அது காமன்வெல்த் கவிதைப் பரிசைப் பெற்றது.

பரிசு பெற்ற நூலின் சிறப்பு இன்று பெரும்பாலும் ஐயத்திற்கு இடமின்றி நிலைபெற்றுவிட்டது. ஆயினும் அப்பரிசு எழுப்பிய அறவினா இன்னும் தீரவில்லை. பரிசளித்தோர் அந்நூலில் எதைக் கண்டனர், எதைக் காண இயலாதவராயினர், காணாமைக்குப் பொறுப்பு யாருடையது என்பதே அவ்வினா. இதனை ஆராய்வதற்கு உரிய அளவுகோல் ஒன்று சங்க இலக்கியத்திலேயே உள்ளது.

பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் வேண்டிச் சென்றபோது, அரசன் புலவரை நேரிற் காணாமலே பொருளைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தம் கல்வியின் அளவறிந்து தருவதாயின் தினையளவு பொருளும் தமக்கு இனிது என்றும், காணாமல் தருவதைப் பெற்றுச் செல்லத் தாம் பொருளுக்காக வணிகம் செய்பவர் அல்லர் என்றும் கூறிய செய்தி புறநானூற்றின் 208ஆம் பாட்டில் இடம்பெறுகிறது. இங்குப் புலவர் மறுத்தது பொருளின் சிறுமை கருதி அன்று; கொடுத்தவன் அயலான் என்பதனாலும் அன்று. அளந்தறியாமல் கொடுத்ததே குறையாயிற்று. இப்புலவர் குடும்பத்தின் பசியை 159, 160ஆம் பாடல்கள் காட்டுகின்றன என்பதையும் உடன் வைத்து நோக்கினால், அம்மறுப்பின் கனம் விளங்கும். வயிறு நிறைந்தவரின் மறுப்பு அன்று அது.

‘காணுதல்’ என்னும் இச்செயலை இன்றைய பன்னாட்டுப் பரிசுகளோடு பொருத்திப் பார்க்கையில், பிழை நடுவர்களின் கண்ணில் தொடங்குவதில்லை என்பது புலனாகும். நடுவர் படிக்கத் தொடங்குமுன்பே வாயிலில் சில விதிகள் நிற்கின்றன. நூல் எம்மொழியில் இருத்தல் வேண்டும், எந்நாட்டில் அச்சாகியிருத்தல் வேண்டும், யார் அனுப்புதல் வேண்டும் என்பன அவை. பல பரிசுகளுக்கு நூலை அனுப்புவோர் பதிப்பாளரே. பழைய பரிசிலர் தாமே வாயிலில் நின்றார். இன்றைய படைப்பாளர் பலருக்குத் தம் சார்பில் எவர் எந்த வாயிலில் நிற்கிறார் என்பதே தெரிவதில்லை.

காமன்வெல்த் கவிதைப் பரிசு 1972இல் தொடங்கப்பெற்றது. முதலாண்டில் அதனைப் பகிர்ந்துகொண்ட இருவருள் ஒருவர் நைஜீரியரான சினுவா அச்சிபி ஆவார். பயாஃப்ரா போர்க்காலத்தை நினைவிற்கொண்ட கவிதைகளுக்காக அவருக்கு அது கிடைத்தது. ஐந்தாண்டுகளுக்குப் பின் அதே வாயில் வழியாகக் கொலட்கர் உள்ளே சென்றார். ஆனால் வாயில் அனுமதித்தது அவருடைய ஒரு கையை மட்டுமே. கொலட்கர் 1950களிலிருந்தே மராத்தியிலும் எழுதி வந்தவர். மராத்திச் சிற்றிதழ் இயக்கத்தின் முதன்மைக் கவிஞர்களுள் ஒருவர். ‘ஜெஜூரி’ பரிசு பெற்ற அதே 1977ஆம் ஆண்டில்தான் அவருடைய மராத்திக் கவிதைகளின் முதல் தொகுதியும் வெளிவந்தது. அத்தொகுதி எத்துணைச் சிறந்ததாயினும் அப்பரிசுக்குரிய நூலாக ஆகியிருக்க முடியாது. கண்டோபாவை மராத்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அழைக்கும் அடியார்களின் ஊர் உலக அரங்கிற்குச் செல்ல, அவர்களுள் எவர்க்கும் வழிபாட்டு மொழியாக இல்லாத ஒரு மொழியே தேவைப்பட்டது.

இதனைக் கூர்மையாகச் சுட்டியவர் பாலச்சந்திர நெமாடே. புனேயில் கல்லூரிக் கல்வி பெற்றவர். சிற்றூரிலிருந்து புனேக்குப் படிக்க வரும் இளைஞனின் வாழ்வைச் சொல்லும் ‘கோசலா’ (1963) நாவலால் மராத்தி உரைநடையின் போக்கையே மாற்றியவர். ‘தேசீவாதம்’ என்னும் கொள்கையை வகுத்தவரும் அவரே. புனேயிலிருந்து வெளிவந்த ‘நியூ குவெஸ்ட்’ இதழில் 1985இல் அவர் எழுதிய கட்டுரை, இந்தியர் ஆங்கிலத்தில் படைப்பிலக்கியம் செய்வதை எதிர்த்தது. வார இறுதியில் பம்பாயிலிருந்து வந்து போகும் சுற்றுலாப் பயணியைப் போலக் கொலட்கர் ஜெஜூரிக்குச் சென்று திரும்பினார் என்பது அக்கட்டுரை வைத்த குற்றச்சாட்டு. நெமாடே வாழ்நாள் முழுதும் ஆங்கிலமும் ஒப்பிலக்கியமும் கற்பித்தவர் என்பதைச் சுட்டி அவரை மடக்குவோர் உண்டு. அது வாதமாகாது. ஒரு மொழியின் அதிகாரத்தை அம்மொழியின் ஆசிரியரே நன்கறிவார்.

அக்குற்றச்சாட்டில் கடுமை மிகுதி, ஆயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. நம்பிக்கையோடு படியேறும் முதியவளுக்கும் அப்படிகளை ஐயத்தோடு நோக்கும் நகரத்தானுக்கும் இடையே உள்ள தொலைவை ஆங்கிலம் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்னும் வினா முறையானதே. தெய்வத்திற்கு நேர்ந்துவிடப்படும் முரளி என்னும் பெண்களின் வாழ்வு, அயல்நாட்டு வாசகருக்கு வெறும் விந்தைக் காட்சியாகிவிடும் இடரும் மெய்யானதே. ஆனால் நெமாடே ஒன்றைக் கணக்கில் கொள்ளவில்லை. கவிதைத் தொகுதியே தன்னைப் பயணியின் பார்வை என்று அறிவித்துக்கொள்கிறது. அரசுப் பேருந்தில் வந்திறங்குவதில் தொடங்கி, தொடர்வண்டி நிலையத்தில் காத்திருப்பதில் அது முடிகிறது. வந்து போகிறவன் என்பதை அது மறைக்கவில்லை; அந்நிலையின் தவிப்பையே பாடுபொருளாக்கியிருக்கிறது. மேலும், கொலட்கரின் மறைவுக்குப் பின் மராத்தியிலும் அவருடைய ஜெஜூரிக் கவிதைகள் நூலாயின. அதே பயணி அங்கும் இருக்கிறான். எனவே அயன்மையை மொழியின்மேல் மட்டும் ஏற்றிச் சொல்லுதல் பொருந்தாது.

இதிலிருந்து பெறப்படுவது சற்றுக் கசப்பானது. ஆங்கிலத்தில் இருந்தாலன்றிக் காணமாட்டோம் என்றது பரிசு. ஆங்கிலத்தில் இருப்பதனாலேயே காணமாட்டோம் என்றது தேசீயத் திறனாய்வு. ஒரே வாயிலின் இரு பக்கத்திலும் இருவரும் காவல் நின்றனர். இரு கையாலும் எழுதிய கவிஞரை முழுமையாகக் கண்டவர் அன்று மிகச் சிலரே.

ஆப்பிரிக்காவில் இவ்வழக்கு இன்னும் முன்னதாகவே தொடங்கிவிட்டது. 1962ஆம் ஆண்டு உகாண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாடு கூடியது. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கே அதில் இடம். அப்போது மாணவராயிருந்த கூகி வா தியாங்கோ, அச்சான இரண்டு சிறுகதைகளின் வலிமையில் அதில் பங்குகொண்டார். சுவாஹிலி மொழியின் பெருங்கவிஞர் ஷாபான் ராபர்ட்டுக்கும், யொரூபா மொழியில் பல நூல்கள் எழிய ஃபகுன்வாவுக்கும் அங்கு இடமில்லை. இம்முரணைப் பின்னாளில் ‘மனத்தை விடுவித்தல்’ பற்றிய தம் நூலில் (1986) எடுத்துக்காட்டியவர் கூகியே. தமக்குக் கிடைத்த இடம் தம் தகுதியை அளந்து தரப்பட்டதன்று என்பதை அவர் ஒளிக்கவில்லை. கொலட்கர் பரிசு பெற்ற 1977இல் கூகி தம் தாய்மொழியாகிய கிக்கூயுவில் உழவர்களையும் தொழிலாளர்களையும் கொண்டு நாடகம் நிகழ்த்தி, அவ்வாண்டின் இறுதியில் சிறை சென்றார். 2021இல் அவர் கிக்கூயுவில் எழுதித் தாமே ஆங்கிலமாக்கிய காப்பியம் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஆப்பிரிக்கத் தாய்மொழி ஒன்றில் எழுதப்பட்டு அப்பட்டியலில் சேர்ந்த முதல் நூல் அது. அங்கும் நடுவர்கள் படித்தது ஆங்கிலத்தையே. 2025இல் கூகி மறைந்தார்.

அயலார் பணம் என்பதனாலேயே ஒரு பரிசு பழுதுடையதாகிவிடும் என்று கொள்வதற்கில்லை. ஜப்பானியப் பதிப்பாளர் ஷோயிச்சி நோமாவின் பெயரால் 1979இல் நிறுவப்பட்டு 2009 வரை வழங்கப்பட்ட நோமா பரிசு, ஆப்பிரிக்காவிலேயே பதிப்பிக்கப்பட்ட நூல்களுக்கு உரியதாக இருந்தது. ஆப்பிரிக்க மொழிகளில் எழுதிய நூல்களும் ஏற்கப்பட்டன. 2000இல் இலண்டனிலிருந்து வழங்கத் தொடங்கிய கெய்ன் பரிசு, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அல்லது ஆங்கிலமாக்கப்பட்ட சிறுகதைக்குரியது. இரண்டும் அயலார் கொடையே. ஆயினும் முன்னது ஆப்பிரிக்கப் பதிப்பாளனைத் தேடி வந்தது. பின்னது எழுத்தாளனைத் தன்னிடம் அழைத்தது. வறுமையும் வன்முறையும் நிறைந்த கதைகளையே கெய்ன் பரிசு வளர்க்கிறது என்னும் குறைகூறல் பின்னர் எழுந்தது. அதை எழுப்பியோருள் அப்பரிசை முன்னர் வென்ற ஹெலன் ஹபிலாவும் ஒருவர். 2002இல் அதனைப் பெற்ற கென்யரான பின்யவாங்கா வைனைனா, பரிசு தந்த வாய்ப்பைப் பயன்படுத்தி நைரோபியில் ‘குவானி?’ என்னும் இலக்கிய இதழைத் தொடங்கியதும் இங்கு நினைக்கத்தக்கது. பெற்ற பொருளைக் கொண்டு தம் ஊரில் வேறொரு வாயிலைக் கட்டியது மறுப்பைவிடப் பயனுடைய விடையாகத் தோன்றுகிறது.

மறுத்தவர்களும் உளர். 1972இல் புக்கர் பரிசு பெற்ற ஜான் பெர்ஜர், அந்நிறுவனத்தின் செல்வம் கரீபியத் தோட்டங்களில் விளைந்தது என மேடையிலேயே கூறிப் பரிசுத் தொகையின் பாதியைக் கறுப்பினப் போராளிகளுக்கு வழங்கினார். அத்தோட்டங்கள் இருந்த கயானாவுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினர் என்பதைத் தமிழ் வாசகர் மறத்தற்கில்லை. 2001இல் அமிதவ் கோஷ் தம் ‘கண்ணாடி மாளிகை’ நாவலைக் காமன்வெல்த் எழுத்தாளர் பரிசுப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். ‘காமன்வெல்த்’ என்னும் சொல் இன்றைய எழுத்தைப் பேரரசின் நினைவோடு பிணைக்கிறது என்பதும், ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு அங்கு இடமில்லை என்பதும் அவர் கூறிய காரணங்கள். நூலை அனுப்பியவர் பதிப்பாளரே. அவர் அறிந்து அனுப்பியதன்று. இம்மறுப்பு போற்றத்தக்கது. எனினும் பெயர் பெற்ற ஒருவருக்கு இயல்வதை அறிமுகமில்லாத ஒருவரிடம் கடமையாக எதிர்பார்த்தல் நேர்மையாகாது. பெருஞ்சித்திரனாரின் செயல் வியப்புக்குரியதாவதும் அதனாலேதான்.

உள்நாட்டுப் பரிசுகளின் வாயிலும் குற்றமற்றதன்று. நெமாடேக்கு 2014ஆம் ஆண்டுக்குரிய ஞானபீட விருது அறிவிக்கப்பட்டபோது, ரஷ்டி, நைபால் ஆகியோரின் எழுத்து மேலைநாட்டாரை மகிழ்விப்பது என அவர் கூறினார். பரிசை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகலாமே என்னும் பொருள்படக் கடுஞ்சொற்களோடு ரஷ்டி மறுமொழி தந்தார். பரிசு பெற்றவர் நன்றியன்றி வேறு பேசலாகாது என்பது அம்மறுமொழியில் உறையும் எண்ணம். காணப்பெறுதலுக்கு விலையாக வாயடைத்தல் கேட்கப்படுமாயின் அது கொடையாகாது. கொலட்கரின் மராத்திப் பெருநூலான ‘பிஜ்கீ வஹீ’ 2003இல் வெளிவந்தது. கஸாண்ட்ரா முதல் நடேழ்தா மண்டெல்ஷ்டாம் வரை பல காலத்து, பல நாட்டுப் பெண்களின் கண்ணீரைப் பாடும் நூல் அது. 2004 செப்டம்பரில் புனேயில் அவர் காலமானார். அந்நூலுக்குச் சாகித்திய அக்காதெமி விருது 2005இல் வந்தது. பரிசில் நீட்டிக்கப்பட்டபோது அதியனின் வாயிலில் நின்று ஔவையார் பாடிய புறப்பாட்டை (206) அறிந்தோர்க்கு, தாமதமும் காணாமையின் ஒரு வகையே என்பதை விளக்க வேண்டியதில்லை.

இனித் தமிழ்நிலை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ 2013இல் தமிழில் வெளிவந்தது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2016இல் இந்தியாவில் வெளியாயிற்று. பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் அது இடம்பெற்றது 2023இல். அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் தமிழ் நாவல் அது. பத்தாண்டுகளாக நாவலில் எழுத்து மாறவில்லை. மாறியது பதிப்பு முகவரி. ஐக்கிய இராச்சியத்திலோ அயர்லாந்திலோ வெளியான பதிப்பே அப்பரிசுக்குத் தகுதி பெறும் என்பது விதி. பரிசுத்தொகையை ஆசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் சமமாகப் பகிரும் அதன் நடைமுறை பாராட்டுக்குரியது. ஆனால் அந்நெடும்பட்டியலுக்குப் பின்பே ஒரு தமிழ் நாவல் ஆய்வுக்குரிய பொருளாக உயருமாயின், அளந்தறியும் பொறுப்பைத் தமிழ்த் துறைகள் இலண்டனுக்கு அனுப்பிவிட்டன என்றே கொள்ள வேண்டும். பட்டியலில் இடம்பெறாத நாவல்களின் நிலை அதைவிட இரங்கத்தக்கது.

காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு 2011க்குப் பின் நிறுத்தப்பட்டு, 2012 முதல் சிறுகதைப் பரிசு வழங்கப்பட்டு வருகிறது. 1977இல் மராத்திக்கு இடம்தராத அவ்வாயில் பிற்காலத்தில் சற்றே திறந்தது. ஆங்கிலத்தோடு சுவாஹிலி, வங்காளம் முதலிய மொழிகளிலும் தமிழிலும் எழுதிய கதைகள் அங்கு ஏற்கப்பட்டன. மராத்திக்கு அப்போதும் இடமில்லை. தமிழ்க் கதைகளை முதலில் படிப்பவர் தமிழறிந்த வாசகர். அவர் தேர்ந்தவையே ஆங்கிலமாகி நடுவர்களிடம் செல்லும். எஞ்சியவற்றை நடுவர்கள் காண்பதில்லை.