நேர்மைக்கு ஒரு துணை

1960களின் ஹாங்காங்கில் வீடு தீப்பற்றி எரியும்போது வந்து இறங்கும் தீயணைப்பு ஊழியர்களில் சிலர், குழாயைத் திறக்கும் முன் ‘தண்ணீர்க் காசு’ கேட்பதுண்டு. ஆம்புலன்ஸில் வருகிறவர் நோயாளியைத் தூக்கும் முன் தேநீருக்குக் காசு கேட்பார். அரசு மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர் குடிக்க ஒரு டம்ளர் நீர் வேண்டுமென்றாலும் பணிப்பெண்ணின் கையில் எதையாவது வைத்தாக வேண்டும். நடைபாதைக் கடைக்காரரும் சூதாட்ட விடுதிக்காரரும் காவலருக்குத் தவணை தவறாமல் கப்பம் கட்டினார்கள். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. ஊர் நடப்பு அப்படி.

அன்றைய காவல் துறைக்குள் ஒரு பேச்சு புழங்கியது. லஞ்சம் ஒரு பேருந்து. விருப்பமிருந்தால் ஏறிக்கொள், இல்லாவிட்டால் பக்கத்திலேயே ஓடி வா, அதற்கு முன்னால் மட்டும் போய் நிற்காதே. அறம் பற்றி எழுதுகிற நாங்கள் எப்போதும் ஏறி உட்கார்ந்தவனையே சாடுகிறோம். எனக்கு அந்தப் பக்கத்தில் ஓடுகிறவன்தான் முக்கியமானவனாகத் தெரிகிறான். அவன் கை சுத்தம். வீட்டில் பிள்ளைகளுக்கு நல்லது சொல்லித்தான் வளர்ப்பான். ஆனால் எதிரே போய் நின்றால் தனியாக நிற்க வேண்டியிருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனைக் கோழை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு நாட்டில் பெரும்பாலானவர்கள் அவனைப் போன்றவர்கள்தான்.

1973இல் பீட்டர் கோட்பர் என்ற உயர் காவல் அதிகாரியின் சொத்துக் கணக்கைத் தோண்டத் தொடங்கினார்கள். 43 லட்சம் ஹாங்காங் டாலருக்கு மேல் தேறியது. இருபது ஆண்டுகளில் அவர் வாங்கிய மொத்தச் சம்பளத்தைப் போல் அது ஏறக்குறைய ஆறு மடங்கு. விளக்கம் கேட்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசத்தில், ஜூன் 8 அன்று, தன் காவல் துறை அனுமதிச் சீட்டையே காட்டி விமான நிலையச் சோதனையைத் தாண்டி ஹாங்காங்கை விட்டுப் போய்விட்டார். விக்டோரியா பூங்காவில் கூட்டம் கூடியது. மாணவர்கள் முன்னால் நின்றார்கள். ஊழலை ஒழி, கோட்பரைப் பிடி என்பது கோரிக்கை. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்ட நாள்கள் அவை.

ஆளுநர் மரே மெக்லஹோஸ் 1974 பிப்ரவரியில் ஊழலுக்கு எதிரான சுதந்திர ஆணையத்தை அமைத்தார். அதற்கு முன் ஊழலை விசாரித்து வந்தது காவல் துறையின் ஒரு பிரிவு. வீட்டுச் சாவியைத் திருடனின் அண்ணனிடம் கொடுத்து வைத்ததைப் போன்ற ஏற்பாடு அது. புதிய ஆணையம் ஆளுநருக்கு மட்டுமே பதில் சொன்னது. அடுத்த ஆண்டே கோட்பரை இங்கிலாந்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து நான்காண்டு சிறைக்கு அனுப்பியது. கதையில் எல்லோருக்கும் நினைவிருப்பது இதுதான்.

ஆணையத்துக்கு மூன்று துறைகள். ஒன்று விசாரணை. இன்னொன்று அரசு அலுவலகங்களில் உட்கார்ந்து, ஒரு விண்ணப்பம் எந்த மேசையில் ஏன் தேங்குகிறது, எந்த அதிகாரியின் தனி விருப்பத்துக்கு எவ்வளவு இடம் விடப்பட்டிருக்கிறது என்று பார்த்து நடைமுறைகளைத் திருத்தியது. காத்திருக்க வைக்க முடிகிறவனால்தான் காசு கேட்க முடியும். மூன்றாவது துறை மக்களிடம் போனது. குடியிருப்புப் பகுதிகளில் கிளை அலுவலகம் திறந்து உட்கார்ந்தது. பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் ஆள் அனுப்பியது. தொலைக்காட்சி நாடகங்கள் எடுத்தது. பின்னாளில் பெரிய இயக்குநராக அறியப்பட்ட ஆன் ஹுயியும் 1977இல் அவற்றுள் சிலவற்றை இயக்கினார். தொடக்க காலத்தில் வந்த புகார்களில் பெரும்பாலானவற்றில் பெயர் இருக்காது. ஆண்டுகள் போகப் போக, பெயரும் முகவரியும் சொல்லிப் புகார் கொடுப்பவர்களே மிகுதியானார்கள். எத்தனை பேர் சிறைக்குப் போனார்கள் என்ற கணக்கைவிட இந்த மாற்றமே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சட்டமும் கறாராக இருந்தது. அரசு ஊழியர் அனுமதியின்றி ஓர் ஆதாயத்தைப் பெற்றாலே குற்றம். கைம்மாறாக எதையும் செய்து கொடுத்திருக்க வேண்டியதில்லை. தனியார் நிறுவனத்தில் முதலாளிக்குத் தெரியாமல் கமிஷன் வாங்குகிறவரும் அதே சட்டத்துக்குள் வந்தார். அதெல்லாம் வியாபார வழக்கம் என்று வணிகர்கள் முணுமுணுத்தார்கள். நம் வீடுகளில் மாப்பிள்ளை பார்க்கும்போது, சம்பளம் கேட்ட கையோடு கிம்பளம் பற்றியும் கூசாமல் விசாரிக்கிறோமே, அதுவும் வழக்கம்தான். அரசு கெட்டுவிட்டது என்று திண்ணையில் பேசுகிற வீட்டின் உள்ளறையில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வந்தால் மகிழ்ச்சி.

ஆணையத்தின் விசாரணைகள் மேல் காவலர்களுக்கு இருந்த ஆத்திரம் 1977 அக்டோபர் 28இல் முற்றியது. ஆயிரக்கணக்கான காவலர்கள் தலைமையகத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். ஒரு கும்பல் ஆணைய அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களை அடித்தது. காவல் துறை இல்லாமல் ஒரு நகரத்தை எத்தனை நாள் ஆள முடியும்? நவம்பர் 5 அன்று மெக்லஹோஸ் இறங்கி வந்தார். 1977 ஜனவரி 1க்கு முன் நடந்த குற்றங்களில், ஏற்கெனவே விசாரணைக்கு உள்ளானவர்கள், வெளிநாட்டுக்கு ஓடியவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள்மேல் நடவடிக்கை இருக்காது என்றார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? அடித்தவர்களுக்குப் பணிந்த அரசு என்று சொல்லலாம். ஆணையத்தில் உழைத்தவர்கள் அப்படித்தான் உணர்ந்திருப்பார்கள். கப்பம் கட்டிக் கட்டி நொடித்த நடைபாதைக் கடைக்காரருக்கு அந்த மன்னிப்பில் நீதி ஏதுமில்லை. ஆனாலும் நான் மெக்லஹோஸின் பக்கமே சாய்கிறேன். எல்லோரும் குற்றவாளியாக இருக்கிற இடத்தில் தப்பிக்க வழியே இல்லையென்றால், திருந்த நினைப்பவனும் திருந்தாதவனோடு சேர்ந்துகொள்வான். நேற்றை விட்டுவிடுகிறேன், இன்றிலிருந்து விடமாட்டேன் என்ற அறிவிப்பு பக்கத்தில் ஓடியவனை மறுபுறம் இழுத்தது. சில நாள்களிலேயே, கட்டளைக்குப் பணியாத காவலரை உடனடியாகப் பணிநீக்கம் செய்ய வழிசெய்யும் சட்டத்தையும் நிறைவேற்றினார்கள். அது இல்லாமல் மன்னிப்பு மட்டும் வந்திருந்தால் என் கருத்து வேறாக இருந்திருக்கும்.

ஆணையமும் வழுக்கியது. 2012 வரை அதன் தலைவராக இருந்த டிமோதி டோங், பதவிக் காலத்தில் விருந்துக்கும் பரிசுப் பொருள்களுக்கும் தாராளமாகச் செலவிட்டார் என்பது 2013இல் வெளியே வந்தது. அவர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் தணிக்கையாளர் கணக்கைத் துருவினார், சட்டமன்ற உறுப்பினர்கள் அவரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்டார்கள், பத்திரிகைகள் ஒவ்வொரு விருந்தையும் விலையோடு எழுதின. ஆணையம் தன்னைத் தானே காத்துக்கொண்டதாக இதைச் சொல்ல முடியாது. வெளியே கேட்கிறவர்கள் இருந்தார்கள்.

2020இல் வந்த தேசியப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த நகரத்தில் கேட்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ‘ஆப்பிள் டெய்லி’ நாளிதழ் 2021 ஜூனில் நின்றது. சட்டமன்றத்தில் எதிர்க்குரல் ஏறக்குறைய இல்லை. ஆணையம் இன்னும் இயங்குகிறது. ஊழல் குறைந்த இடங்களின் பட்டியல்களில் ஹாங்காங் இன்னும் மேலேயே இருக்கிறது. அடுத்த விருந்துக் கணக்கை யார் கேட்பார்கள் என்பதற்கு அந்தப் பட்டியல்களில் பதில் இல்லை.